காம்காஸ்டைத் திட்டிக்கொண்டே ஏன் எல்லாரும் பணம் கட்டுகிறார்கள்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மகள் குடியிருக்கும் ஊரில் வீட்டு இணையத்துக்கு எக்ஸ்ஃபினிட்டியை விட்டால் வேறு வழியில்லையாம், அக்கம்பக்கத்தில் எல்லாரும் அதைத் திட்டுகிறார்களாம். இத்தனை கெட்ட பெயர் எடுத்த நிறுவனம் எப்படி அந்த நாடு முழுக்கப் பரவியது?

எக்ஸ்ஃபினிட்டி என்பது 2010இல் மாட்டிய பெயர்ப்பலகை. உள்ளே இருப்பது பிலடெல்ஃபியாவைத் தலைமையிடமாகக் கொண்ட காம்காஸ்ட். மாதாமாதம் வந்து விழும் சந்தாப் பணத்தைக் காட்டிக் கடன் வாங்குவது, அடுத்த கேபிள் கம்பெனி பயந்துபோயிருக்கும் நேரத்திலோ நொடித்துப்போன நேரத்திலோ அதை வாங்குவது, பிறகு அந்தச் சந்தாவையும் காட்டி இன்னும் பெரிய கடன் வாங்குவது. நாற்பது ஆண்டுகள் செய்தது அநேகமாக இது ஒன்றைத்தான். டிவிக்காக இழுத்த ஒயர் இணையத்துக்கும் ஏற்றதாக அமைந்தது அவர்களின் அதிர்ஷ்டம்.

ரால்ஃப் ராபர்ட்ஸ் ஆண்களுக்கான பெல்ட், சஸ்பெண்டர் விற்றுக்கொண்டிருந்தவர். பெல்ட்டே தேவைப்படாத பேன்ட்டுகள் சந்தைக்கு வர ஆரம்பித்ததும் இனி இதில் காலம் தள்ள முடியாது என்று கடையைக் கைமாற்றிவிட்டு, கையில் பணத்தோடு அடுத்த தொழில் தேடினார். 1963இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ ஊரில் (எல்விஸ் பிரெஸ்லி பிறந்த ஊர்) ஒரு சின்ன கேபிள் கம்பெனி விலைக்கு வந்தது. 1,200 சந்தாதாரர்கள், ஐந்து சேனல்கள், விலை 5 லட்சம் டாலர். டேனியல் ஆரன், ஜூலியன் பிராட்ஸ்கி என்ற இருவரைச் சேர்த்துக்கொண்டு வாங்கினார். ஆரனுக்குக் கேபிள் தெரியும். பிராட்ஸ்கி கணக்காளர், கடன் திரட்டுவதில் கெட்டிக்காரர். பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது, அந்த மூவரில் பிராட்ஸ்கியின் வேலைதான் நிறுவனத்தின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றும்.

அப்போது கேபிள் என்றால் தனிச் சேனல்கள் எதுவும் கிடையாது. பெரிய நகரத்து டிவி நிலையத்தின் அலை மலைக்கு அந்தப்பக்கமும் தொலைதூரச் சிற்றூர்களிலும் சரியாக எட்டாது. உயரமான இடத்தில் பெரிய ஆன்டெனா நட்டு, வரும் படத்தை ஒயர் வழியே வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பென்சில்வேனியாவின் மலையூர்களில் 1940களின் கடைசியில் தொடங்கிய ஏற்பாடு இது. வீட்டுக்காரர் தெளிவான படத்துக்காக மாதச் சந்தா கட்டுவார்.

இந்தத் தொழிலின் கணக்கு சற்று விசித்திரமானது. தெருவில் கம்பம் நட, ஒயர் இழுக்க நகராட்சி அனுமதி வேண்டும். ஆரம்பச் செலவு மொத்தமும் ஒயரில் போய்விடும். இழுத்து முடித்த பிறகு இன்னொரு வீட்டைச் சேர்க்க ஆகும் செலவு அற்பம். இரண்டாவதாக ஒருவர் அதே தெருவில் ஒயர் இழுத்தால் அதே செலவைச் செய்து பாதி வீடுகளைத்தான் பிடிக்க முடியும், அதனால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் தேய்மானமும் வட்டியும் போக நஷ்டம் தெரியும். லாபம் இல்லாததால் வரியும் பெரிதாக இல்லை. ஆனால் பெட்டியில் ரொக்கம் சேர்ந்துகொண்டே இருக்கும். லாபத்தைப் பார்க்காமல் ரொக்க வரவைப் பார்த்துக் கடன் கொடுக்க வங்கிகளைப் பழக்கியதுதான் அந்தத் தலைமுறைக் கேபிள் முதலாளிகளின் உண்மையான கண்டுபிடிப்பு. டிசிஐ என்ற கேபிள் நிறுவனத்தின் ஜான் மலோன் இதில் எல்லாருக்கும் ஆசான். ராபர்ட்ஸ் அவரைவிட நிதானமானவர், அவ்வளவே.

1969இல் காம்காஸ்ட் என்ற பெயர் வந்தது. 1972இல் பங்கு ஒன்று 7 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்றார்கள். அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நடுத்தரக் கம்பெனிதான். 1984இல் கேபிள் கட்டணத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளைக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தளர்த்தியது. கட்டணம் ஏறியது, கேபிள் கம்பெனிகளின் மதிப்பும் ஏறியது. 1986இல் வெஸ்டிங்ஹவுஸ் தன் குரூப் டபிள்யூ கேபிளை விற்றபோது காம்காஸ்ட் அதில் 26 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. ஒரே வாங்கலில் சந்தாதாரர் எண்ணிக்கை இரட்டித்துப் பத்து லட்சமானது. 1988இல் டிசிஐயுடன் சேர்ந்து ஸ்டோரர் நிறுவனத்தைப் பாதிப்பாதியாக வாங்கியது.

1992இல் நிலைமை தலைகீழானது. கட்டண உயர்வால் மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள், காங்கிரஸ் மறுபடி கட்டணக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதிபர் ஜார்ஜ் புஷ் (தந்தை) அதை வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்தார், காங்கிரஸ் வீட்டோவையும் தாண்டி நிறைவேற்றியது. அவர் பதவிக்காலத்தில் தோற்ற ஒரே வீட்டோ இது. கேபிள் கட்டணத்தின் மீது அங்கே எவ்வளவு கோபம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. 1994இல் டைரக்ட்டிவி செயற்கைக்கோள் சேவையும் வந்தது. கேபிளின் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். விற்றுவிட்டு வெளியேறிவிடலாம் என்று பலர் நினைத்த அந்த நேரத்தில்தான் காம்காஸ்ட் மக்லீன் ஹன்டரின் அமெரிக்கக் கேபிள் தொழிலை வாங்கியது, அடுத்து ஸ்கிரிப்ஸின் கேபிளையும் வாங்கியது. நாட்டின் பெரிய கேபிள் கம்பெனிகளின் வரிசையில் முன்னுக்கு வந்தது இப்படித்தான். ரால்ஃபின் மகன் பிரையன் ராபர்ட்ஸ் 1990இலேயே தலைவர் பொறுப்புக்கு வந்திருந்தார், அப்போது அவருக்கு வயது முப்பது.

இனி இணையம். இங்கே கொஞ்சம் நுட்பம் பேசாமல் முடியாது.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலைக் கொண்டுபோக இழுத்தது. அதே கம்பியில் இணையத்தை அனுப்பும் டிஎஸ்எல் என்ற முறையைப் போட்டு வேகத்தைக் கூட்டலாம், ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு தள்ளிப்போகப் போக வேகம் விழும். கேபிள் டிவியின் தடித்த ஒயரான கோ-ஆக்சியல் கேபிள் ஐம்பது அறுபது டிவி சேனல்களைச் சுமக்கப் போட்டது. அமெரிக்காவில் ஒரு சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். யாரும் அதிகம் பார்க்காத ஒரே ஒரு சேனலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இணையத்தை அனுப்பினால் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். டயல்-அப்பில் நொடிக்கு 56 கிலோபிட்டுக்குத் தவம் கிடந்த காலம் அது.

ஒரு சிக்கல் இருந்தது. ஒயர் முழுக்க ஒருவழிப் பாதை. வழியில் இருந்த ஆம்ப்ளிஃபையர்கள் வீட்டை நோக்கி வரும் சிக்னலை மட்டுமே பெருக்கின. எனவே கம்பெனியின் சிக்னல் நிலையத்திலிருந்து தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து சில நூறு வீடுகளுக்குப் பழைய கோ-ஆக்சியல், நடுவில் இருவழி ஆம்ப்ளிஃபையர்கள் என்று மொத்த வலையமைப்பையும் மாற்றிக் கட்ட வேண்டியிருந்தது. அதற்குப் பெரும்பணம் வேண்டும், வால் ஸ்ட்ரீட்டுக்கோ கேபிள் மீது நம்பிக்கை போயிருந்தது. அப்போதுதான் பில் கேட்ஸ் கேபிள் முதலாளிகளோடு விருந்தில் உட்கார்ந்து, வேகமான இணையத்தை எப்படி விரைவுபடுத்துவது என்று கேட்டார். எல்லாக் கேபிள் கம்பெனிகளிலும் பத்துப் பத்து சதவீதம் வாங்கிக்கொள்ளுங்களேன் என்றார் பிரையன் ராபர்ட்ஸ். 1997 ஜூனில் மைக்ரோசாஃப்ட் 100 கோடி டாலரைக் காம்காஸ்டில் மட்டும் போட்டது. கேட்ஸே பணம் போடுகிறார் என்றதும் மொத்தக் கேபிள் தொழிலின் பங்குகளும் எழுந்து நின்றன. அதே ஆண்டு கேபிள்லேப்ஸ் என்ற கூட்டு ஆய்வு நிறுவனம் டாக்சிஸ் என்ற மோடம் தரநிலையை வெளியிட்டது. எந்தக் கம்பெனி மோடமும் எந்த ஊர்க் கேபிளிலும் ஓடும் என்றானதும் மோடம் விலை இறங்கியது.

அந்த மாற்றத்தில் வீட்டிலிருந்து மேலேறும் பாதைக்கு ஒதுக்கிய இடம் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய துண்டு மட்டுமே. இன்றுவரை பல ஊர்களில் டவுன்லோட் பறக்க, அப்லோட் நொண்டுவது இதனால்தான்.

பெரிய பாய்ச்சல் 2002இல். அதன் முன்கதையை நான் விரும்பிச் சொல்வேன். 1999இல் மீடியாஒன் என்ற பெரிய கேபிள் நிறுவனத்தை வாங்கக் காம்காஸ்ட் ஒப்பந்தம் போட்டது. ஏடிஅண்டுடி என்ற தொலைபேசி நிறுவனம் குறுக்கே வந்து அதிக விலை கொடுத்துத் தட்டிக்கொண்டு போனது. ஒப்பந்தம் முறிந்ததற்கு ஈடாக 150 கோடி டாலரை வாங்கிக்கொண்டு காம்காஸ்ட் ஒதுங்கிவிட்டது. ஏடிஅண்டுடி ஏற்கெனவே டிசிஐயையும் வாங்கியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல். கடன் கழுத்தை நெரித்தது, நீண்டதூர ஃபோன் வருமானம் ஒருபக்கம் கரைந்தது, டாட்காம் குமிழியும் உடைந்தது. 2001 ஜூலையில் காம்காஸ்ட், ஏடிஅண்டுடி விற்பதாகச் சொல்லாமலேயே, அந்தக் கேபிள் பிரிவை எங்களுக்குக் கொடுங்கள் என்று தானாக விலை சொன்னது. மறுத்தார்கள். டிசம்பரில் ஏலம்போல் நடந்து, கடனையும் சேர்த்து 7,200 கோடி டாலருக்குக் காம்காஸ்டிடமே வந்தது. 85 லட்சம் சந்தாதாரர்கள் கொண்ட நிறுவனம் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் வைத்திருந்ததை விழுங்கியது. கையை விட்டுப்போன மீடியாஒன்னும், ஒருகாலத்தில் கூட்டாளியாக இருந்த டிசிஐயும் ஒரே பொட்டலத்தில் வந்து சேர்ந்தன. 2002 நவம்பரில் கைமாற்றம் முடிந்தபோது காம்காஸ்ட் நாட்டின் மிகப் பெரிய கேபிள் நிறுவனம்.

நான்கு ஆண்டு கழித்து அடெல்ஃபியாவின் கதையும் இதே பாணி. அதை நடத்திய ரிகாஸ் குடும்பம் மோசடி வழக்கில் சிக்கி நிறுவனம் திவாலானது. காம்காஸ்டும் டைம் வார்னர் கேபிளும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. யாருக்கு எந்த ஊர் என்று தங்களுக்குள் வலையமைப்புகளை மாற்றியும் கொண்டன. ஒரு வட்டாரம் முழுக்க ஒரே கம்பெனி என்பது இப்படி அமைந்தது. பக்கத்து நகரத்தில் வேறு கம்பெனி இருக்கலாம், உங்கள் மகளின் தெருவுக்கு அது வராது.

இதில் அரசின் பங்கும் உண்டு. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் கம்பியைப் போட்டியாளருக்கும் வாடகைக்குத் தர வேண்டும் என்ற விதி ஒருகாலத்தில் இருந்தது. கேபிள் இணையத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லாதபடி, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசி 2002இல் வகைப்படுத்தியது, 2005இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பிரிட்டனிலும் பிரான்சிலும் ஒரே தொலைபேசிக் கம்பியில் பல கம்பெனிகள் இணையம் விற்கின்றன. அமெரிக்காவில் ஒயர் யாருடையதோ அவர்களே கடைக்காரர். மகளின் ஊர் நிலைமைக்கு நேரடிக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குப் பிலடெல்ஃபியா நல்ல உதாரணம். 1996இல் அந்த நகரத்தின் ஹாக்கி அணியான ஃப்ளையர்ஸும் கூடைப்பந்து அணியான செவன்டி சிக்ஸர்ஸும் காம்காஸ்டின் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு உள்ளூர் விளையாட்டுச் சேனல் தொடங்கினார்கள். கேபிள் நிறுவனம் நடத்தும் சேனலைப் போட்டியாளருக்கும் விற்க வேண்டும் என்று 1992 சட்டம் சொன்னது, ஆனால் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் சேனல்களுக்கு மட்டும். இவர்கள் சேனலைத் தரைவழி ஒயரிலேயே அனுப்பினார்கள். டைரக்ட்டிவி வாங்கியவருக்கு உள்ளூர் அணியின் ஆட்டங்கள் கிடைக்கவில்லை. இந்த ஓட்டையை எஃப்சிசி அடைக்க 2010 ஆனது.

2007இல் நடந்தது இன்னும் பிரபலம். பழைய காலத்துப் பாட்டுக் குழு ஒலிப்பதிவுகளைப் பிட்டோரன்ட்டில் (கணினிகள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் முறை) பகிர்ந்துகொண்டிருந்த ஒரு வலையமைப்புப் பொறியாளர், தன் இணைப்பை யாரோ நடுவில் துண்டிப்பதைக் கவனித்தார். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பைபிளின் மின்பிரதியை அனுப்பிச் சோதித்து அதை உறுதி செய்தது. இரண்டு கணினிகள் பேசிக்கொண்டிருக்கும்போது காம்காஸ்ட் நடுவில் புகுந்து, ஒருவர் பெயரில் மற்றவருக்கு ‘இணைப்பை முடித்துக்கொள்’ என்று பொய்ச் செய்தி அனுப்பியது. மேலே சொன்ன குறுகிய அப்லோட் பாதை அடைத்துக்கொண்டதுதான் பின்னணி. சிக்கல் நிஜம், மறைத்துச் செய்தது தவறு. 2008இல் எஃப்சிசி கண்டித்தது. 2010இல் எஃப்சிசிக்கு அந்த அதிகாரமே இல்லை என்று நீதிமன்றத்தில் காம்காஸ்ட் ஜெயித்தது. எந்த இணையப் போக்குவரத்தையும் நிறுவனம் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற நெட் நியூட்ராலிட்டி விதிகள் பின்னால் அவ்வளவு கடுமையாக எழுதப்பட்டதற்கு இந்த வெற்றியே ஒரு காரணம்.

வாஷிங்டனில் அவர்களுக்கு இருந்த செல்வாக்குக்கு ஒரு சம்பவம் போதும். 2011 ஜனவரியில் டிவி, சினிமா நிறுவனமான என்பிசி யுனிவர்சலின் பெரும்பங்கைக் காம்காஸ்ட் வாங்க எஃப்சிசி அனுமதித்தது. ஆதரவாக வாக்களித்த ஆணையர்களில் ஒருவரான மெரிடித் பேக்கர் சில மாதங்களில் பதவியை விட்டு அதே நிறுவனத்தின் அரசாங்கத் தொடர்புப் பிரிவில் சேர்ந்தார். சட்டப்படி தவறில்லை. ஆனாலும் அந்தச் செல்வாக்குக்கு எல்லை இருந்தது. 2014இல் டைம் வார்னர் கேபிளை 4,520 கோடி டாலருக்கு வாங்க வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, 2015 ஏப்ரலில் பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்போது எஃப்சிசி தலைவராக இருந்த டாம் வீலர் ஒருகாலத்தில் கேபிள் தொழில் சங்கத்தின் தலைவர்!

என்பிசி, யுனிவர்சல் ஸ்டுடியோ, 2018இல் ஏறத்தாழ 3,900 கோடி டாலருக்கு வாங்கிய பிரிட்டனின் ஸ்கை எல்லாம் செய்தியில் பெரிதாக அடிபடும். எனக்கு அவை வளர்ச்சியின் விளைவாகத் தெரிகின்றனவே தவிர காரணமாகத் தெரியவில்லை. பணம் காய்த்த மரம் பிராட்பேண்டுதான். டிவி சேனல் விற்றால் அந்தச் சேனல்காரருக்குப் பங்கு போக வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் விலை ஏற்றுவார்கள். இணையத்துக்கு அப்படி யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. 2015இல் காம்காஸ்டில் டிவி சந்தாதாரரைவிட இணையச் சந்தாதாரர் அதிகமானார்கள். நெட்ஃபிளிக்ஸ் பார்க்கக் கேபிள் டிவி சந்தாவை நிறுத்தியவரும் அந்த நெட்ஃபிளிக்ஸுக்கான இணையத்தை அதே கம்பெனியிடம்தான் வாங்கினார்.

இத்தனை பொறுமையாக விளையாட முடிந்ததற்கு இன்னொரு காரணம் பங்கு அமைப்பு. பிரையன் ராபர்ட்ஸிடம் இருப்பது மொத்தப் பங்குகளில் சுமார் ஒரு சதவீதம். ஓட்டு உரிமையில் மூன்றில் ஒரு பங்கு, அதை யாரும் நீர்த்துப்போகச் செய்யவும் முடியாது. காலாண்டு முடிவைப் பார்த்து அவரை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கெட்ட பெயர்? ஒவ்வொரு ஊர்க் கம்பெனியையும் வாங்கியபோது அதன் பழைய பில்லிங் கணினியும் கால் சென்டரும் ஒப்பந்த டெக்னீஷியன்களும் கூடவே வந்தார்கள். அவற்றை ஒழுங்காக ஒன்றாக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2006இல் மோடம் மாற்ற வந்த டெக்னீஷியன் தன் சொந்த அலுவலகத்துக்கே ஃபோன் போட்டு, ஹோல்டில் காத்திருந்து, வாடிக்கையாளர் சோபாவிலேயே தூங்கிப்போன வீடியோ நாடு முழுக்க ஓடியது. வாடிக்கையாளர் போக வேறிடம் இல்லாதவரை அதைச் சரிசெய்ய அவசரமும் இருக்கவில்லை.

நம்மூரில் ஏன் ஒரு காம்காஸ்ட் வரவில்லை என்றும் யோசிக்கலாம். இங்கே மொட்டை மாடிகளில் ஒயர் இழுத்து வீட்டுக்கு வந்து வசூலித்தவர் உள்ளூர் கேபிள்காரர். பெரிய நிறுவனம் அவருக்குச் சிக்னல் கொடுத்ததோடு சரி, வீடு வரை வந்த கடைசித் துண்டு அவருடையது. வசூலும் மேலே முழுதாகப் போகாது. அதைக் காட்டி எந்த வங்கியில் கடன் கேட்பது? 2018இல் ஹாத்வே, டென் என்ற இரண்டு கேபிள் நிறுவனங்களின் பெரும்பங்கை ரிலையன்ஸ் வாங்கியது அந்த உள்ளூர் கேபிள்காரர்கள் வழியாக வீடுகளுக்குள் நுழையத்தான்.

இப்போது காற்று மாறியிருக்கிறது. 2000களின் பிற்பாதியில் 2 கோடியே 40 லட்சத்தைத் தொட்ட டிவி சந்தாதாரர் எண்ணிக்கை 2024 முடிவில் கிட்டத்தட்ட அதில் பாதி. சுமார் 3 கோடியே 20 லட்சம் வரை போன இணையச் சந்தாவும் குறைய ஆரம்பித்துவிட்டது. டி-மொபைலும் வெரைசனும் 5ஜி டவரிலிருந்தே வீட்டு இணையம் விற்கின்றன, தெருவைத் தோண்டாமல். தொலைபேசிக் கம்பெனிகளும் ஒருவழியாக ஃபைபர் இழுக்கின்றன. 2024 நவம்பரில் பெரும்பாலான கேபிள் சேனல்களைத் தனி நிறுவனமாகப் பிரிப்பதாகக் காம்காஸ்ட் அறிவித்தது.

எனவே மகளிடம் சொல்லுங்கள்: வேறு வழியில்லை என்று முடிவு செய்யும் முன் இந்த 5ஜி வீட்டு இணையம் அவள் முகவரிக்குக் கிடைக்கிறதா என்று பார்க்கட்டும். 2024 ஏப்ரலிலிருந்து பெரிய இணைய நிறுவனங்கள் தங்கள் திட்டத்தின் விலை, வேகம், கூடுதல் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாகக் காட்ட வேண்டும், அதை எடுத்து ஒப்பிடலாம். மோடத்துக்குத் தனி வாடகை வாங்கும் திட்டமாக இருந்தால், மோடமைச் சொந்தமாக வாங்கி அந்த மாத வாடகையை மிச்சப்படுத்தலாம். 5ஜி இணையம் கிடைக்கிறது என்று தெரிந்தால் அதன் விலையைச் சொல்லிக் காம்காஸ்டுக்கு ஃபோன் போடட்டும். ‘ரத்து செய்கிறேன்’ என்றால் சலுகைப் பிரிவுக்கு மாற்றுவார்கள், பேரம் அங்கேதான் நடக்கும்.